ஒப்படையை நாமே எழுதுவோம்: வீட்டிலிருந்து பட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



"உயர்தரம் பாஸ் பண்ணியாச்சு. கெம்பஸ் கிடைக்கல்ல. இனி என்னா செய்யிறது?" இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் நமது லயத்து வீடுகளில் கேட்கிறது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதுதான் இதற்கு ஒரே பதில் என்றிருந்த காலம் உண்டு. இன்று வேறு பதிலும் இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே, வேலை செய்துகொண்டே, பட்டம் படிக்கலாம்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நாவலயில் இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் பிரதேச நிலையங்கள் உண்டு. சட்டமாணி போன்ற சில பட்டங்களைத் தமிழ் மொழியிலும் படிக்கலாம். இதைத் தவிர வேறு பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் இருக்கின்றன. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சூம் வழியாகப் போனுக்கே வந்தன. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிப் படித்த பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டோம். அதற்குப் பிறகு இணையவழிப் படிப்பு என்பது ஊருக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது.

ஆனால் வீட்டிலிருந்து படிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வகுப்பில் இருந்தால் சந்தேகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம், சேரிடம் கேட்கலாம். வீட்டில் தனியே இருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பாடப் புத்தகமும் போனும் மட்டுந்தான் துணை. அப்படித் தனியே இருக்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றே. அதுதான் ஒப்படை. இம்முறை அதைப் பற்றிப் பாடமாகவே பார்ப்போம்.

ஒப்படை என்றால் என்ன?

பெற்றோருக்காக முதலில் இதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு கேள்வியைக் கொடுத்து, இத்தனை சொற்களில், இந்தத் திகதிக்குள் பதில் எழுதி அனுப்பு என்று சொல்லும். அதுவே ஒப்படை. பள்ளிக்கூடத்து வீட்டுவேலையைப் போலத் தோன்றினாலும் இது அதைவிடப் பெரிய விஷயம். திறந்த பல்கலைக்கழகத்தில் இத்தகைய தொடர் மதிப்பீடுகளில் தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கே உட்கார முடியும். ஆகவே மகனோ மகளோ இரவில் போனைப் பார்த்துக்கொண்டு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தால், "எந்த நேரமும் போனை நோண்டுது" என்று ஏசிவிட வேண்டாம். என்ன எழுதுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

"எழுதித் தாறோம்" என்பவர்கள்

ஒப்படைக்கு நாள் நெருங்கும்போது, "காசு அனுப்புங்க, நாங்க எழுதித் தாறோம்" என்ற விளம்பரங்கள் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வருகின்றன. எழுதத் தெரியாமல் பயந்துபோன பிள்ளைக்கு அது பெரிய உதவியாகத் தெரியும். ஆனால் அது உதவி அல்ல. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அது பரீட்சை விதிகளுக்கு மாறானது. பிடிபட்டால் அந்த ஒப்படையின் புள்ளி போகும். சில இடங்களில் பாடமும் போகும், படிப்பும் போகும். ஒப்படைகளை ஏற்கெனவே வெளிவந்த எழுத்துக்களோடும் மற்ற மாணவர்களின் ஒப்படைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி முறைகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஒரே ஒப்படையை நாலு பேருக்கு விற்றவரை உங்களுக்குத் தெரியாது. ஒப்பிடும் கணினிக்குத் தெரிந்துவிடும். இத்தொழில் எவ்வளவு பெருகிவிட்டது என்றால், அதைத் தடுக்க நாடுகள் சட்டமே கொண்டுவந்தன. அவுஸ்திரேலியா 2020ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2022ஆம் ஆண்டிலும், மாணவருக்காகக் காசுக்கு ஒப்படை எழுதிக்கொடுப்பதைக் குற்றமாக்கின.

இரண்டாவது, எழுதிக்கொடுத்தவர் உங்களைப் பயமுறுத்தலாம். உங்கள் பெயரும் பதிவிலக்கமும் அவர் கையில் இருக்கிறது. "இன்னும் காசு தா, இல்லாட்டி கெம்பஸ்ஸுக்குச் சொல்லிடுவேன்" என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

மூன்றாவதுதான் முக்கியமானது. இறுதிப் பரீட்சை மண்டபத்தில் உங்களோடு யாரும் வர மாட்டார்கள். வருடம் முழுவதும் மற்றவர் எழுதினால், அந்த மூன்று மணித்தியாலத்தில் கை ஓடாது. பட்டம் கிடைத்துவிட்டாலும், வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு கடிதம், ஓர் அறிக்கை எழுதச் சொல்வார்கள். அங்கேயும் கை ஓடாது.

ஈரக் கொழுந்தைக் கூடையில் கொட்டினால் பாரம் கூடும். ஆனால் நிறுக்கும் இடத்தில் தண்ணிக்கென்று கழித்துவிடுவார்கள் என்பது கொழுந்தெடுக்கும் எல்லாருக்கும் தெரியும். வாங்கிய ஒப்படையும் அதே கதைதான். அம்மா மலையில் நின்று சேர்த்த காசைக் கட்டணமாகக் கட்டுகிறோம். அதற்குப் பதிலாக நமக்குக் கிடைக்க வேண்டியது எழுதத் தெரிந்த கை. அதையே இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால் கட்டணம் வீண்.

சரி, நாமே எழுதுவது எப்படி? ஆறு படிகளாகப் பார்ப்போம்.

முதற்படி: கேள்வியை வாசித்தல்

புள்ளி குறைவதற்குப் பெரிய காரணம் பதில் தெரியாமை அல்ல. கேட்டது ஒன்று, எழுதியது இன்னொன்று என்பதே. கேள்வியின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சொல்தான் உங்களுக்கு வேலை சொல்கிறது.

விபரிக்க: என்ன நடந்தது, எப்படி இருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.
விளக்குக: ஏன், எப்படி என்று காரணத்தோடு சொல்ல வேண்டும்.
ஒப்பிடுக: இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை இரண்டையும் சொல்ல வேண்டும்.
ஆராய்க: ஒரு விஷயத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆதாரம் காட்டி, முடிவுக்கு வர வேண்டும்.
மதிப்பிடுக: நன்மை தீமை இரண்டையும் நிறுத்துப் பார்த்து, உங்கள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

கேள்வியைக் கொப்பியில் எழுதி, இந்த வேலைச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு, "இவங்க என்கிட்ட என்னா கேக்கிறாங்க?" என்பதைப் பேச்சுத் தமிழில் இரண்டு வரியில் எழுதுங்கள். அப்படி எழுத முடியாவிட்டால் கேள்வி இன்னும் விளங்கவில்லை. உடனே விரிவுரையாளருக்கோ கூடப் படிப்பவருக்கோ செய்தி அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாம் படி: நாளைப் பிரித்தல்

மூன்று வாரம் தந்திருக்கிறார்கள் என்றால் மூன்று வாரமும் நமக்கு இல்லை. வேலை, வீடு, தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் போக, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமோ ஒன்றரை மணித்தியாலமோ கிடைக்கும். அதை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 2 நாள்: கேள்வியை விளங்கிக்கொள்ளல்.
அடுத்த 7 நாள்: வாசித்தலும் குறிப்பு எடுத்தலும்.
அடுத்த 2 நாள்: சட்டகம் போடுதல்.
அடுத்த 5 நாள்: எழுதுதல்.
அடுத்த 3 நாள்: திருத்துதல்.
மிச்சம் 2 நாள்: மழைக்கும் மின்வெட்டுக்கும்.

கடைசி வரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மழை பெய்தால் சிக்னல் போகும், காற்றடித்தால் கரண்ட் போகும் என்பது நமது மலைகளில் எல்லாருக்கும் தெரிந்தது. கடைசி நாள் இரவு 11.50க்கு அனுப்பலாம் என்றிருந்தால் கஷ்டம். சிக்னல் கிடைக்கும் நேரத்தில் பாடக் கோவைகளைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டேட்டா இல்லாமலே வாசிக்கலாம், எழுதலாம். அனுப்பியதும், அனுப்பியாயிற்று என்று வரும் பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஏதும் பிரச்சினை வந்தால் அதுவே சாட்சி.

மூன்றாம் படி: வாசித்தலும் குறிப்பும்

கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப் பக்கத்தில் புத்தகம் சொல்வதை எழுதுங்கள். கூடவே புத்தகத்தின் பெயர், எழுதியவர், ஆண்டு, பக்க இலக்கம். வலப் பக்கத்தில் அதைப் பற்றி நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். "இது நம்ம தோட்டத்திலயும் நடந்திச்சா?", "மற்றப் புத்தகத்தில வேற மாதிரிச் சொல்லுதே!" என்று பேச்சுமொழியிலேயே எழுதலாம். ஒப்படை எழுதும்போது வலப் பக்கந்தான் உங்களுக்குப் பெரிய உதவி செய்யும்.

ஆங்கிலத்தில் உள்ள பாடத்தை வாசிக்கப் பயப்படும் பிள்ளைகள் பலர். ஒரு பத்தியில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் அலுத்துவிடும். முதலில் பத்தி முழுவதையும் ஒரு முறை வாசியுங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் தேடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்று தனிக் கொப்பியில் எழுதினால், ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் சேரும்.

நான்காம் படி: சட்டகம்

வீடு கட்டுமுன் அத்திவாரம் வெட்டுவதுபோல, எழுதுமுன் சட்டகம் போட வேண்டும். உதாரணமாக இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் அரசியல் வாழ்வைப் பாதித்த விதத்தை ஆராய்க. 1,500 சொற்கள்." நமது குடும்பங்களின் சொந்தக் கதை என்பதால் இதையே எடுத்துக்கொள்வோம்.

முன்னுரை, 150 சொற்கள்: எதைப் பற்றி எழுதப் போகிறோம், நமது முடிவு என்ன.

சட்டத்துக்கு முன், 250 சொற்கள்: 1931இல் டொனமூர் சீர்திருத்தத்தோடு வாக்குரிமை விரிந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது.

சட்டம் சொன்னது, 300 சொற்கள்: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தலைமுறைக்கு முந்திய பிறப்புப் பதிவு தோட்டத்து மக்களில் எத்தனை பேரிடம் இருந்தது? அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி சொன்னது. அதற்கும் கடுமையான நிபந்தனைகள் இருந்தன.

விளைவு, 450 சொற்கள்: 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமை போனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 150,000 பேர், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

மீண்ட விதம், 200 சொற்கள்: 1977ஆம் ஆண்டு நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது.

முடிவுரை, 150 சொற்கள்: மேலே சொன்னவற்றிலிருந்து நாம் வந்தடைந்த தீர்ப்பு. புதிய விஷயம் எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது.

கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500. இப்போது பெரிய மலையாகத் தெரிந்த ஒப்படை ஆறு சிறு நிரையாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு நிரை முடித்தால் போதும். எந்தப் பகுதிக்கு அதிகச் சொல் என்பதையும் கவனியுங்கள். "பாதித்த விதத்தை ஆராய்க" என்று கேட்டதால், விளைவுக்கே அதிக இடம் கொடுத்தோம்.

ஐந்தாம் படி: பத்தி எழுதுதல்

ஒரு பத்திக்கு ஒரு கருத்து போதும். முதலில் உண்மை, பிறகு காரணம், பிறகு ஆகவே என்ன என்பது. கீழே இரண்டு பத்திகள் உள்ளன. இரண்டையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

முதலாவது பத்தி: "மலையக மக்கள் காலங்காலமாக எல்லா வகையிலும் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்து வந்துள்ளனர். அவர்களின் உரிமைகள் ஈவிரக்கமின்றிப் பறிக்கப்பட்டன. இது வரலாற்றில் மறக்க முடியாத ஒன்றாகும்."

இரண்டாவது பத்தி: "1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியிலிருந்து ஒருவரும் செல்லவில்லை. இடைப்பட்ட காலத்தில் தோட்டங்களில் மக்கள் இல்லாமற் போகவில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர்களே இல்லாமற் போயின. 1949ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடியுரிமையோடு இணைத்ததே இதற்குக் காரணம். ஆகவே குடியுரிமைச் சட்டத்தின் முதல் அடி பாராளுமன்றப் பிரதிநிதித்துவத்தின் மேல் விழுந்தது எனலாம்."

முதலாவதில் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதை எந்த மக்களைப் பற்றியும் எழுதலாம், எந்த ஒப்படையிலும் ஒட்டலாம். இரண்டாவதில் ஆண்டு உண்டு, எண்ணிக்கை உண்டு, காரணம் உண்டு. துயரம் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை, ஆனால் நடந்த அநியாயம் விளங்குகிறது. திருத்துபவர் புள்ளி கொடுப்பது இரண்டாவதற்கே.

வசனங்களைச் சிறிதாக வையுங்கள். பெரிய சொல் போட்டால்தான் கெம்பஸ் தமிழ் என்று எண்ண வேண்டாம். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வசனம் நீளம். கேட்பவர் "என்னா சொன்ன, திருப்பிச் சொல்லு" என்று கேட்கும் இடத்தில் கருத்து தெளிவில்லை. அந்த இரண்டு இடங்களையும் திருத்தினாலே ஒப்படை பாதி நல்லதாகிவிடும்.

ஆறாம் படி: யார் சொன்னது என்று சொல்லுதல்

மற்றவரின் வசனத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு, யாருடையது என்று குறிப்பிட வேண்டும். உங்கள் சொல்லில் மாற்றி எழுதினாலும், கருத்து அவருடையது என்றால் அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது எழுத்துத் திருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லை மாற்றுவது உங்கள் சொல்லில் எழுதுவது ஆகாது. புத்தகத்தை மூடிவிட்டு, விளங்கியதை எழுதுங்கள். பிறகு திறந்து, எண்களும் பெயர்களும் சரியா என்று பாருங்கள்.

கடைசியில் உசாத்துணை எழுதும்போது எழுதியவர், ஆண்டு, நூலின் பெயர், வெளியிட்டவர் என்ற ஒழுங்கு பெரும்பாலும் வரும். சட்டமாக இருந்தால் ஆண்டும் இலக்கமும் வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் எந்த ஒழுங்கைக் கேட்கிறது என்பதைப் பாடக் கோவையில் பார்த்து அதையே முழுவதும் பின்பற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது வீடுகளில் புத்தகத்தில் இல்லாத ஆதாரம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, எந்தச் சொந்தம் கப்பல் ஏறியது, யார் யார் பிரிந்தார்கள், யாருக்கு எந்தக் கடதாசி வந்தது என்று பாட்டிக்குத் தெரியும். அதையும் எழுதலாம். "பாட்டி, இதை எழுதிக்கவா?" என்று அனுமதி கேளுங்கள். பேசிய நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். ஆனால் ஒருவரின் அனுபவத்தை எல்லாருடைய வரலாறாக எழுதிவிடக் கூடாது. "ஒரு குடும்பத்தில் இவ்வாறு நடந்தது" என்று எழுதி, சட்டத்தோடும் புத்தகத்தோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஆசிரியராக இருந்து நம் மக்களின் பாடல்களையும் கதைகளையும் எழுத்தில் பதித்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழியைக் காது கொடுத்துக் கேட்டே அவற்றைச் சேர்த்தார்.

போனில் உள்ள எழுதும் இயந்திரம்

2022 நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன் பின் அதைப் போன்ற பல வந்துவிட்டன. கேள்வியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வருகிறது. "அதுல போட்டு எடுத்தா என்னா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாததையும் தெரிந்ததுபோல எழுதும். இல்லாத புத்தகத்துக்குப் பெயர் வைக்கும், இல்லாத பக்க இலக்கம் சொல்லும். அமெரிக்காவில் சட்டத்தரணிகள் இருவர் அது தந்த வழக்குகளைச் சரிபாராமல் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே இல்லை என்று தெரியவந்தது. நியூயோர்க் நீதிமன்றம் 2023 ஜூன் மாதத்தில் அவர்களுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டொலர் தண்டம் விதித்தது. படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே அப்படி என்றால், படித்துக்கொண்டிருக்கும் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

அதைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகம் அனுமதித்தால், விளங்காத ஆங்கிலப் பத்தியை எளிய தமிழில் சொல்லச் சொல்லலாம். பயிற்சிக்குக் கேள்வி கேட்கச் சொல்லலாம். அது சொன்னதைப் பாடப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒப்படையை மட்டும் அதன் கையில் கொடுக்கக் கூடாது.

இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளும் சில நேரம் தவறும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அப்படியான கருவி போதிய அளவு சரியாக இல்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே நீங்களே எழுதியிருந்தாலும் ஒரு நாள் சந்தேகம் வரலாம். அதற்குத்தான் குறிப்புக் கொப்பியையும், முதல் பிரதியையும், திருத்திய பிரதியையும் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். "இதோ சேர், நான் எழுதின விதம்" என்று காட்டினால் பேச்சு முடிந்தது.

எது உதவி, எது உதவி அல்ல?

கேள்வியை விளங்கப்படுத்துவது உதவி. எந்தப் புத்தகத்தில் தேடலாம் என்று சொல்வது உதவி. நீங்கள் எழுதியதை வாசித்து, "இந்த இடம் விளங்கல்ல, இந்த ஆண்டு சரியா பாரு" என்று சொல்வது உதவி. எழுத்துப் பிழையைக் காட்டித் தருவது உதவி.

பதிலைச் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவது உதவி அல்ல. போன வருடம் படித்தவரின் ஒப்படையை வாங்கிப் பெயர் மாற்றுவது உதவி அல்ல. பேனை உங்கள் கையில் இருக்கும்வரை உதவி, அது மற்றவர் கைக்குப் போனால் உதவி அல்ல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். அவர்களிலும் பலர் வேலை செய்துகொண்டே பட்டம் படித்தவர்கள்தான். பக்கத்துத் தோட்டங்களில் அதே படிப்புப் படிக்கும் மூன்று நாலு பேர் சேர்ந்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ கூடலாம். கேள்வியைப் பற்றிச் சேர்ந்து பேசுங்கள். வீட்டுக்குப் போய்த் தனித்தனியே எழுதுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"எங்களுக்குப் படிப்பு இல்லைங்க, நாங்க என்னா உதவி செய்ய ஏலும்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் டீவியின் சத்தத்தைக் குறைத்து, பிள்ளைக்கு ஒரு மூலையும் ஒரு லைட்டும் கொடுங்கள். பொம்பிளைப் பிள்ளை என்பதற்காக அந்த நேரத்தில் அடுப்படி வேலையை அவள் தலையில் போட வேண்டாம், தம்பியையும் கூப்பிடுங்கள். ஒப்படையை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத இடத்தில் "விளங்கல்ல" என்று சொல்லுங்கள். அது பெரிய திருத்தம். புள்ளி குறைந்து வந்தால் ஏச வேண்டாம். திருத்துபவர் எழுதிய குறிப்பு என்ன என்று கேளுங்கள். அந்தக் குறிப்பை அடுத்த ஒப்படையின் முதற் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தெடுக்க யாரும் புத்தகம் பார்த்துப் பழகவில்லை. முதல் நாள் விரல் நோகும், கூடை நிறையாது, நிரையில் பின்னுக்கு நிற்போம். ஒரு மாதத்தில் கை தானாக ஓடும். எழுத்தும் அப்படியே. முதல் ஒப்படை கஷ்டம், இரண்டாவது கொஞ்சம் இலகு, பத்தாவது எழுதும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பயிற்சி

இந்த வாரம் செய்து பாருங்கள். "எங்கள் தோட்டத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை விளக்குக" என்ற கேள்விக்கு 200 சொற்களில் ஒரு பதில் எழுதுங்கள். ஒரு ஆண்டு, ஒரு எண்ணிக்கை, ஒரு காரணம், ஒருவரிடம் கேட்டறிந்த செய்தி ஒன்று, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும் எழுதலாம், படிப்பை இடையில் விட்டவர்களும் எழுதலாம். கொப்பியும் பேனையும் போதும். இன்றைக்கே தொடங்குங்கள்.